நாகம்மாளின் மயக்கம்

காலை பத்து மணிக்கே தார் ரோடு கொதித்தது. சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ் வேலியோரம் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்திப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவதாக இருந்த செவ்வந்திக்கு அது மறுபடியும் வந்தது.

முதலில் நெஞ்சுக்கு நடுவே ஒரு கதகதப்பு. பிறகு கழுத்து, காது, மண்டை என்று விறுவிறுவென்று ஏறும். கொதிக்கிற சோற்றுப்பானையை முகத்துக்கு நேரே திறந்து பிடித்தது போலிருக்கும். எல்லாம் ஐந்து நிமிஷம்தான். இறங்கும்போது துணியெல்லாம் நனைந்து, அந்த வெயிலிலும் உடம்பு நடுங்கும். இது போதாதென்று காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. அரிவாள் பிடியில் பழந்துணியைச் சுற்றித் தடிமனாக்கி வைத்திருந்தாள்.

புல் அரிக்கும் என்று எல்லோருமே புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையும், அதற்கு மேல் கான்ட்ராக்டர் கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட்டும் போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற மற்றவர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொள்வார்கள். செவ்வந்தியால் முடியாது. அவளுக்கு இடது மார்பு இல்லை. அந்த இடத்தில் இருந்தது பக்கத்தில் புல் அறுக்கும் நாகம்மாள் தைத்துக் கொடுத்த துணிப்பை. கனம் வேண்டுமே என்று அதற்குள் இரண்டு கை கேழ்வரகு போட்டிருந்தாள்.

"இப்பிடி வேத்துக்கினே கெடந்தியானா ஒரு நாளு மொளச்சிடப் போவுதுடி" என்று நாகம்மாள் கேலி செய்வாள். செவ்வந்திக்கு வாய்விட்டுச் சிரிப்பு வருவது அப்போது மட்டும்தான்.

மந்தாரக்குப்பத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வாடகை வீடு. கூலிக்குப் போன வயல்களெல்லாம் சுரங்கத்துக்குப் போய்விட்டதால் வளையமாதேவிப் பக்கமிருந்து வந்தவள் நாகம்மாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. செவ்வந்தியின் வியாதி அவளுக்கும் செவ்வந்தியின் புருஷன் சாமிக்கண்ணுவுக்கும் மட்டுமே தெரியும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புதுச்சேரியில் மார்பை எடுத்தபோது, கான்ட்ராக்டரிடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தாள். முடியில்லாமல் திரும்பி வந்ததற்குக் குலதெய்வத்துக்கு மொட்டை என்றாள். காசநோய் என்று தெரிந்த மறுநாளே ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்தியதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"தினம் ஒரு மாத்திரை. அஞ்சு வருஷம் விடாம போடணும். கொஞ்சம் சூடா இருக்கும், மூட்டு வலிக்கும், பயப்படாதீங்க" என்று புதுச்சேரி டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டாள். ஐந்து வருஷம் என்று சொல்லிக்கொள்ளச் செவ்வந்தியிடம் எதுவுமே இருந்ததில்லை. வேலைக்கான பாஸ் கூட வருஷத்துக்கு வருஷம்தான்.

எது எதனால் வருகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. உடம்புச் சூடு என்று சாமிக்கண்ணு வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுத்தான். கத்திரி வெயில் யாரைத்தான் விட்டது என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். இதில் மறதி வேறு. மாத்திரை போட்டோமா இல்லையா என்று தெரியாமல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் உலை வைக்காமலே அரிசியைக் களைந்து களைந்து கொட்டிக்கொண்டிருந்தாள். பார்த்த சாமிக்கண்ணு பயந்துபோனான்.

ஒன்றாம் தேதி கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறார்கள், ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததும் செவ்வந்தி தானாக ஒரு முடிவெடுத்தாள். லிஸ்ட் வருகிறவரை மாத்திரையை நிறுத்திவிடுவது. சூடு நின்றால் உட்காராமல் வேலை செய்யலாம். யார் கண்ணிலும் பட வேண்டாம்.

பத்து நாள் போடவில்லை. சூடு மட்டும் நிற்கவே இல்லை. நேரம் பார்த்தது போல் வந்துகொண்டிருந்தது. டீ குடிக்கும்போது நாகம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள்.

"யக்கா, அப்ப இது மாத்திரையால இல்லியா? ஒண்ணுமே புரியல எனக்கு."

நாகம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ இன்னா டாக்டரா? எனக்கும்தான் தீட்டு நின்னதுலருந்து குப்புகுப்புனு வருது. நான் இன்னா மாத்திரயா முழுங்கிகினு இருக்கறேன்? எதனாலன்னா வந்துட்டுப் போவட்டும். அறுத்துப் போட்டது மறுபடியும் வந்துச்சுன்னா இன்னா பண்ணுவ? எட்றி அந்த அட்டைய."

அன்றிலிருந்து டீ வேளையில் நாகம்மாள் கண்ணெதிரே மாத்திரை போடுவது என்று ஏற்பாடாயிற்று. செவ்வந்தி முழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாள்.

இன்றைக்கு வந்த சூடு லேசில் இறங்குவதாக இல்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வரவே, அரிவாள் கையிலிருந்து நழுவியது. நாகம்மாள் அவளைக் கைத்தாங்கலாக இழுத்துப்போய்த் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். அந்த நேரம் பார்த்து பைக்கில் வந்து நின்றான் சூப்பர்வைசர் சுதாகர். லிஸ்டுக்குப் பெயர் எழுதிக்கொடுக்கிறவன் அவன்தான்.

"என்னக்கா இது, டீ டைம் முடிஞ்சு எவ்ளோ நேரம் ஆச்சு? ரெண்டு பேரும் நெழல்ல உக்காந்திருக்கீங்க? யாருக்கு என்ன?"

செவ்வந்தி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எனக்குத்தான் சார்" என்றாள் நாகம்மாள், விசிறுவதை நிறுத்தாமல். "தல சுத்துது. அவ தொணைக்கு ஒக்காந்துகினு இருக்கறா."

"இவங்களுக்குத்தான வேர்த்துக் கொட்டுது?"

"என்னத் தூக்கிக்கினு வந்தா வேக்காதா? என் ஒடம்பு இன்னா லேசா?"

சுதாகர் சிரித்துவிட்டான். "தண்ணி குடிச்சிட்டு எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் நாகம்மாளுக்குத்தான் மயக்கம். மூன்றாம் தடவை அவன் சிரிக்கவில்லை.

ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு எல்லோரும் கான்ட்ராக்டர் ஷெட்டுக்குள் நின்றார்கள். சுதாகர் செல்போனைப் பார்த்துப் பெயர்களைப் படித்தான். செவ்வந்தியின் பெயர் வந்தது. பதினோராவது பெயரோடு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நாகம்மாக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு அடிக்கடி மயக்கம் வருது. நாளைக்கு ரோட்ல விழுந்தீங்கன்னா நான்தான் பதில் சொல்லணும். வீட்ல ரெஸ்ட் எடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நாகம்மாள் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தாள். அதன்மேல் பாஸை வைத்தாள்.

செவ்வந்தி வாயைத் திறந்தாள். மயக்கம் எனக்குத்தான் சார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நெஞ்சுக்கு நடுவிலிருந்து அது கிளம்பிக் கழுத்துக்கு ஏறியது, காதுக்கு ஏறியது. வெயில் இன்னும் ஷெட்டுக்குள் வரவில்லை. இது மாத்திரையா, வெட்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்திலிருந்து தண்ணீராக வழிந்தது.

நாகம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, வந்துடிச்சா?" கிட்டே வந்து முந்தானையை எடுத்து விசிற ஆரம்பித்தாள். "டீ குடிக்கிறப்ப மாத்திர போடு. இனிமே நீயேதான் நெனப்பு வச்சிக்கினு போடணும். கேக்குதா?"

"யக்கா, நான்..."

"வாய மூட்றி. சட்டையப் பாரு, மேல் பித்தான் தொறந்துகினு கெடக்குது."

"டைம் ஆச்சு, ஏறுங்க" என்றான் சுதாகர்.

பதினொரு பேரும் டிராக்டரில் ஏறினார்கள். செவ்வந்தி கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கடைசியாக ஏறி ஓரத்தில் நின்றாள். டிராக்டர் கிளம்புகிறவரை நாகம்மாள் கீழே நின்று, அவள் முகத்துக்கு எட்டும்படி கையைத் தூக்கி, முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.