வாசல் இல்லாத புழுக்கள்

'கம்பியை நெருப்பில் காட்டு' என்று நாள் முழுக்கக் கத்துவதால் ஆய்வகத்தில் எனக்கு நெருப்பக்கா என்று பெயர். ஆய்வுக்கு வளர்க்கும் பொடிப் புழுவை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றும் மெல்லிய கம்பி அது. ஒவ்வொரு முறையும் சுடாவிட்டால் பழைய தட்டின் முட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சுடாதவர்களை நான் சும்மா விட்டதில்லை. வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

எங்கள் புழுக்களின் தசை பச்சையாக ஒளிரும். அந்த ஒளியை அணைக்கச் சொல்லும் ஆர்.என்.ஏ.வைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத் தீனியாகப் போடுவோம். தின்றதும் சேதி குடலிலிருந்து கிளம்பி, செல் செல்லாகப் போய்த் தசையை இருட்டாக்கிவிடும். செல்லுக்குள் நுழைய அதற்கு ஒரு வாசல் வேண்டும். மரபணுவை மாற்றி வாசலை நீக்கிய புழுக்களுக்கு, எவ்வளவு தின்றாலும் தசை ஒளிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

அப்படி வாசல் இல்லாத புழுக்களின் தட்டில், இந்தத் திங்கட்கிழமை பத்தொன்பது இருண்டு கிடந்தன. அவற்றை வைத்து ஆய்வு செய்யும் எங்கள் ஆராய்ச்சி மாணவிக்குத் தலைகால் புரியவில்லை. சேதிக்கு வேறொரு வழியும் இருக்கிறது, நாலு வருட உழைப்பு வீண்போகவில்லை என்று அம்மாவுக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை பேராசிரியரிடம் காட்டப் போகிறாளாம்.

அந்தத் தட்டைத் தயார் செய்தவள் நான். தயார் செய்த அன்று விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்திருந்தது. எழுந்துபோய் எடுத்துவரச் சோம்பல்பட்டு, வாசல் உள்ள சாதாரணப் புழுக்களைத் தொட்ட கம்பியைத் துணியில் துடைத்துவிட்டு அப்படியே வேலையை முடித்தேன். ஊருக்குத்தான் உபதேசம்!

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. புதன்கிழமை சொல்லிவிட்டேன். அவள் பத்தொன்பது புழுக்களின் மரபணுவையும் சோதித்தாள். எல்லாவற்றிலும் வாசல் இருந்தது. கம்பியில் ஒட்டி வந்த ஒற்றை முட்டையின் பிள்ளைகள்; இந்தப் புழு துணையில்லாமலே பிள்ளை பெறும்.

"இதையே நான் பண்ணியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க அக்கா?" என்று கேட்டாள்.

"உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புதுத் தட்டுகளை எடுத்து வந்து என் மேஜையில் அடுக்கினாள்.

"முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். கம்பியை நெருப்புல காட்டுங்க."

காட்டினேன். அது சிவக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.