என் அப்பாவைக் கொன்ற நாவல்

புனிதாவின் வளைகாப்பில் என் அம்மாவை வளையல் போடக் கூப்பிடவில்லை.

மலேசியாவில் கிள்ளான் பக்கம் காப்பாரில், கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சின்னக் கிராமத்தில், யாருக்கு வளைகாப்பு நடந்தாலும் முதல் வளையலை அம்மாதான் போடுவார். அப்பா காணாமல் போய் நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. எனக்கு அப்போது இரண்டு வயது. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் காலையில் மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குப் போனார். ஆளும் திரும்பவில்லை, வண்டியும் திரும்பவில்லை. செத்துவிட்டார் என்று சொல்ல உடல் கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. கம்பத்துப் பெண்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இத்தனை வருடம் தாலியைக் காப்பாற்றிக்கொண்டவள் கை பட்டால் நல்லது என்று தேடி வந்து கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அன்று மண்டபத்தில் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். கிள்ளானுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவை. புனிதாவின் மாமியார் குமுதா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். நேற்றுக் கல்யாணமானவளைக்கூட அழைத்தார். அம்மா ஒவ்வொரு பெயருக்கும் லேசாக எழுந்து, பிறகு உட்கார்ந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் குமுதாவைப் பிடித்துக் கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காத லா உஷா," என்றார். "அந்தப் புக்குல எழுதியிருக்கான்ல, ஊரே படிச்சிருச்சு. உங்கப்பா செத்துட்டாராம். அதுவும் எப்படின்னு நான் என் வாயால சொல்ல மாட்டேன். நல்ல காரியம் பாரு, நமக்கெதுக்கு வம்பு?"

"எந்தப் புக்கு?"

அவர் சொன்ன பெயர் எனக்குத் தெரியும். புத்தகம் என் கைப்பையிலேயே இருந்தது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒரு முறை கூடும் வாசகர் குழுவில் நானும் ஒருத்தி. அந்த மாதம் நாங்கள் படிக்க வேண்டிய நாவல் அது. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் செலவில் அவனுக்கு விளம்பரம் வேறா?

இந்த மாதிரி நாவல் என்றால் எனக்கு உயிர். பாழடைந்த ஒரு பங்களா, பழைய வரைபடம், யாரும் துப்புத் துலக்காத ஒரு சாவு. இது போதும், சோறு தண்ணீர் வேண்டாம். சரித்திரப் பாடத்தில் தூங்கி வழிந்தவர்களைக்கூட ஒரு பிணத்தைக் காட்டி ஜப்பான்காரன் காலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம். நமக்கும் மூளை இருக்கிறது என்று ஒரு பெருமை வேறு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய பிணம் நாறாது. அழ வேண்டியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நாம் கூச்சமில்லாமல் எட்டிப் பார்க்கலாம்.

வீடு திரும்ப, கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறியதும் புத்தகத்தைப் பிரித்தேன். தோட்டத்தில் ஜப்பானியர் புதைத்துவிட்டுப் போன ஒரு பெட்டியில் கதை ஆரம்பித்தது. பிறகு ஒரு லோரி டிரைவர் வந்தான். அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு முன்விளக்கு உடைந்திருந்தது. அவன் வீட்டுக் கதவு பச்சை. அவன் மனைவி கணவன் போன பிறகும் பொட்டு வைத்துக்கொள்கிறாள். பெயர்களை மட்டும் மாற்றியிருந்தான் படுபாவி.

கேஎல் சென்ட்ரலில் வண்டி மாறியும் படித்துக்கொண்டே இருந்தேன். இறங்க வேண்டிய சாலாக் செலாத்தான் ஸ்டேஷன் போனதே தெரியவில்லை. புத்தகத்தை மூட முடியவில்லை. யார் கொன்றது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. என் அப்பாவை! அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தான்.

கடைசி அத்தியாயத்தில் தெரிந்தது. பல வருடம் கழித்துக் கணவன் திரும்பி வருகிறான். பெட்டி இருக்கும் இடம் இப்போது மனைவிக்குத் தெரியும், அதைப் பங்கு போட மனமில்லை. கதவைத் திறந்து உள்ளே விடுகிறாள், அரிவாளால் வெட்டுகிறாள், வீட்டுத் தரையில் புதைத்துச் சிமெண்டு பூசுகிறாள். ஊர் சந்தேகப்படக் கூடாது என்று சாகும்வரை பொட்டு வைத்துக்கொள்கிறாள். பொட்டுதான் துப்பு. என்ன திருப்பம்!

போலீஸ் ரிப்போர்ட் செய்யாததை, ஊர்வம்பு செய்யாததை ஒரு நாவல் செய்து முடித்துவிட்டது. அம்மாவின் தாலியை அறுத்துவிட்டது.

அதை எழுதிய ஜீவனை அம்மாவுக்குத் தெரியும். போன வருடம் தோட்டத்து வரலாறு சேகரிக்கிறேன் என்று காப்பாருக்கு வந்து, எங்கள் வீட்டில் பல நாள் மீன்கறி சாப்பிட்டவன். "ஒரு பையன் வரான்டி, எவ்ளோ பொறுமையா கேட்டுக்கிறான் தெரியுமா," என்று அம்மா என்னிடம் போனில் சொல்லியிருந்தார். சந்தோஷமாகச் சொன்னார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அடுத்த சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்துக்கு அவனே விருந்தினராக வந்திருந்தான். புடவைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அறை. வழக்கத்தைவிட இரண்டு மடங்குக் கூட்டம். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு.

"ஹிஸ்டரியில ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க," என்றான். "அதுக்குள்ளதான் எழுத்தாளன் நுழையணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"அந்த ஓட்டையிலதான் எங்கம்மா குடியிருக்காங்க, தம்பி. நீங்க உக்காந்து மீன்கறி சாப்ட்டீங்களே, அந்த வீடு. நான் அவங்க மக."

ஒருவராவது வெட்கப்படுவார், தலையைக் குனிவார் என்று எதிர்பார்த்தேன். என் புத்தி அப்படி. பின் வரிசையில் ஒருவர் ஆர்வத்தோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப அந்த சிமெண்டுத் தரை உண்மையா, சிஸ்டர்?"

"கடல் பொங்கி வீட்டுக்குள்ள தண்ணி ஏறுச்சு. அதுக்குப் பூசினது. கம்பத்துல எல்லா வீட்டுலயும் பூசினாங்க."

"எந்த வருஷம்? அப்பா காணாம போன பெறகா?"

இரண்டு பேர் போனைத் தூக்கி என்னைப் படம் பிடித்தார்கள். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, நான் பல வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "மெய்யா என்னதான் நடந்துச்சு, உஷா?" அவர் கண்ணில் பரிதாபம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பசி இருந்தது. அந்தப் பசி எனக்கு நன்றாகத் தெரியும்.

"அவரு வரல," என்றேன். "அவ்ளோதான். கத முடிஞ்சிருச்சு. போய்ப் படுங்க எல்லாரும்."

ஜீவன் மேடையிலிருந்து இறங்கி வந்தான். "அக்கா, சத்தியமா ஆன்டிய காயப்படுத்தணும்னு எழுதல. இது நாவல்தானே. வாசகருக்கு ஒரு முடிவு வேணும்லக்கா."

"எங்களுக்கு வேணாமா?"

ஜீவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"காப்பாருக்கு வா. வெள்ளிக்கிழம கோயில்ல அத்தன பொம்பளைங்களும் இருப்பாங்க. அவங்க முன்னாடி நின்னு, முடிவ நான்தான் கட்டிவிட்டேன்னு சொல்லு. எங்கம்மாவ வளையல் போட யாரும் கூப்பிடல, தெரியுமா உனக்கு?"

அவன் உண்மையிலேயே திகைத்துப் போனான். வளையலைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அத்தனை நாள் உட்கார்ந்து கேட்டவன், இதைக் கேட்கவில்லை.

"அடுத்த பதிப்புல கண்டிப்பா ஒரு குறிப்பு போட்டுடறேன்க்கா. எல்லாம் கற்பனைன்னு."

"புனிதா வளைகாப்புக்கு அடுத்த பதிப்பு கெடையாது, முண்டம்!"

கத்திவிட்டேன். கீழே புடவைக் கடையில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தார்கள். பையை எடுத்துக்கொண்டு இறங்கி, நேராகக் காப்பாருக்குப் போனேன்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஊரில் ஏதோ உளறுகிறார்கள், நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

பச்சைக் கதவு திறந்திருந்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தப் புத்தகம். ஜீவனே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்தானாம்.

"அதக் குடுங்கம்மா," என்றேன். "அடுப்புல போடுறேன்."

"ரெண்டாவது தடவ படிக்கிறேன். இரு." பக்கத்தைத் திருப்பினார். "வண்டி சத்தம் கேக்குற எடம் நல்லா எழுதியிருக்கான். ஸ்டாண்டு போடுறாரு, செருப்ப ஒதர்றாரு, பேர் சொல்லிக் கூப்பிடுறாரு. எல்லாம் நான் சொன்னதுதான். தெனம் படுத்துக்கிட்டு நெனைக்கிறத அவங்கிட்ட சொன்னேன். அப்டியே எழுதிட்டான்."

"கடைசியில என்ன எழுதியிருக்கான்னு..."

"படிச்சேன், படிச்சேன்." அம்மா புத்தகத்தை மேசைமீது எறிந்தார். அது வழுக்கித் தரையில் விழுந்தது. "மடப்பய! வந்ததும் வராததுமா வெட்டிப் போடுறாளாம். இவன் என்னத்தப் படிச்சான்? இத்தன வருஷம் கழிச்சு ஒரு மனுசன் வாசல்ல வந்து நிக்கிறான். எங்கய்யா போன, எங்க சாப்ட்ட, எங்க படுத்தன்னு ஒரு வார்த்த கேக்க வேணாமா? வெட்டிட்டா அப்பறம் நான் யாரப் போய்க் கேக்குறது?"

அம்மா அழவில்லை. கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. என் வாழ்க்கையில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியைத்தான் பொட்டோடு சேர்த்துத் தினமும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் அதை வெறும் நம்பிக்கை என்று நினைத்திருந்தேன்.

எழுந்தார். முகம் கழுவினார். கண்ணாடி முன் நின்று பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். அலமாரியிலிருந்து பச்சை வளையல்களை எடுத்துக்கொண்டார்.

"எங்கம்மா?"

"வாங்கினத வீட்டுல வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? வா."

புனிதாவின் வீடு நான்கு வீடு தள்ளி. பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் குமுதாவின் கார் நின்றது. மருமகளைப் பார்க்க வந்திருக்கிறார். எனக்குக் கால் தயங்கியது, அம்மாவுக்குத் தயங்கவில்லை.

குமுதாதான் கதவுக்கு வந்தார். அம்மாவின் கையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். வழி விடவில்லை. "வாங்கக்கா," என்று ஒப்புக்குச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அடக்க முடியவில்லை அவருக்கும். "கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. மெய்யா, அண்ணனுக்கு என்னதான் ஆச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பேச விடவில்லை.

"எனக்கும் அதான் தெரியணும், குமுதா. அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

அதற்குள் உள்ளேயிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு புனிதா வந்திருந்தாள். மாமியாரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பெரியம்மா," என்றாள்.

"நகரு," என்றார் அம்மா குமுதாவிடம். பிறகு புனிதாவைப் பார்த்து, "கைய நீட்டு."

புனிதா இரண்டு கைகளையும் நீட்டினாள்.