அடக்கிக்கோ

"இன்னும் இருபது நிமிஷம் ஆகும் டீச்சர். மெஷின்ல சின்னக் கோளாறு." நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும் டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை லிட்டர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் ஆகிறது. கால்மேல் கால் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக, வகுப்பில் விரலைக் காட்டிய பிள்ளைகளிடமெல்லாம் 'பெல் அடிக்கட்டும், அடக்கிக்கோ' என்று சொன்னவள். அந்தப் பாவமெல்லாம் மொத்தமாக அடிவயிற்றில் வந்து உட்கார்ந்திருந்தது.

கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று அதை எடுத்தாகிவிட்டது. இப்போது கதிர்வீச்சு. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அது குடலை மேலே தள்ளி, கதிர் அதிகம் படாமல் காக்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தினமும் டெக்னீஷியன் 'தண்ணி குடிச்சீங்களா?' என்று கேட்பார். 'குடிச்சேன்' என்பாள். பொய்யில்லை. கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் கழிப்பறைக்குப் போய்வருவதை அவர் கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு இருமினாலே கசிகிறது. ஓர் ஆம்பிளை முன்னால் அந்த மேஜையை நனைப்பதற்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது. நேற்று எடுத்த ஸ்கேன் படத்தில் மூத்திரப்பை காலியாகத் தெரிந்து குட்டு உடைந்துவிட்டது. அதற்குள் குடலில் கதிர் பட்டுப் பேதி தொடங்கியிருந்தது. இப்படியே போனால் சிகிச்சையை நடுவில் நிறுத்த வேண்டிவரும், அப்புறம் நோய் திரும்பினால் கேட்காதீர்கள் என்று டாக்டர் கத்தினார்.

"மூஞ்சிய ஏன் அண்ணி கணக்குப் பரீட்சை மாதிரி வெச்சிருக்கீங்க?" என்றாள் பக்கத்திலிருந்த நாத்தனார்.

"சிரிக்க வெக்காதே. சிரிச்சேன்னா போச்சு."

"போனா என்ன? ஒரு துணியப் போட்டுத் தொடைச்சிடலாம். குடல் வெந்துபோச்சுன்னா யாரு தொடைக்கிறது?"

டீச்சர் கால்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கழிப்பறைக் கதவு நாலடி தூரத்தில்தான் இருந்தது.

உள்ளே படுக்கவைத்தபோது டெக்னீஷியன், "முடியலேன்னா கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்றார். கனத்த கதவு மூடியது. ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "இன்னிக்கு நல்லா நிறைஞ்சிருக்கு டீச்சர். அசையாதீங்க."

இயந்திரம் அவளைச் சுற்ற ஆரம்பித்தது. பாதிச் சுற்றில் தொடைக்கடியில் வெதுவெதுப்பாக எதுவோ பரவியது. கூச்சத்தில் காதெல்லாம் எரிந்தது. மார்பின்மேல் இருந்த வலது கை தானாக எழப் பார்த்தது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இயந்திரம் அவசரமேயில்லாமல் மீதிச் சுற்றையும் சுற்றி நின்றது.

கதவு திறந்தது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில் டீச்சர் சொன்னாள்.

"ஷீட்டு நனைஞ்சிருச்சு. மாத்தணும்."