ஷேலீனைத் தேடப் போனவர்கள்

தங்கை ஷேலீன் காணாமல் போனதிலிருந்து வெர்லிண்டாவுக்கு ஊரில் ஒருவர் மீதும் நம்பிக்கை இல்லை. தேட வந்தவர்களின் கைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். வண்டிச் சக்கரங்களைக் குனிந்து பார்த்தாள். காபி ஊற்றிக் கொடுத்த பாதிரியாரைக்கூட விடவில்லை.

பழங்குடிப் போலீஸ் வெளியூர்ப் போலீஸைக் கைகாட்டியது, அது திருப்பி இதைக் கைகாட்டியது, இரண்டும் வரவில்லை. வயசுப் பெண், தானே திரும்பி வருவாள் என்றார்களாம். சொன்ன வாயில் மண் விழ.

வந்தவள் ரமோனாதான். தன் மகனை இப்படித் தேடிப் பிணமாகக் கண்டெடுத்தவள். அதன் பிறகு அமெரிக்காவின் அந்த நவாஹோ பழங்குடி மண்ணில் எங்கே யார் தொலைந்தாலும் நாய்களோடு வந்து நின்றுவிடுவாள்.

"தேட வர்றவங்களையும் பாத்துக்கோ. முன்னால நின்னு வழி காட்டுறவனை ரெண்டு தடவை பாரு," என்றாள்.

முன்னால் நின்றவன் லியாண்டர். அம்மாவின் குலவழியில் வெர்லிண்டாவுக்கு அண்ணன் முறை. எல்லாருக்கும் ஆடு வெட்டிப் போட்டான், வண்டிகளுக்குப் பெட்ரோல் ஊற்றினான். "வடக்கு மேட்டுப் பக்கம் போவோம் சின்னம்மா, மனசு சொல்லுது," என்று தினமும் அம்மாவிடம் சொன்னான். தங்கமான பிள்ளை என்று அம்மா உருகினாள். வெர்லிண்டாவுக்கு அந்தத் தங்கத்தை உரசிப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

அன்றும் புதர்க்காட்டில் வரிசையாக நடந்தார்கள். "ஷேலீன்" என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டார்கள். செத்தவர் பெயரை நவாஹோ ஜனங்கள் சொல்லமாட்டார்கள். சொன்னால் ஆவி திரும்பிப் பார்க்கும். அதனாலேயே விடாமல் கூப்பிட்டார்கள். கூப்பிடும்வரை அவள் உயிரோடு இருந்தாள்.

லியாண்டர் மட்டும் விசிலடித்தான். வெர்லிண்டா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். "ஏ புள்ள" என்று ஒரு தரம் கத்தினான். பெயர் வரவே இல்லை.

நாய்கள் மோப்பம் பிடிக்க வைத்திருந்த ஷேலீனின் ஜீன்ஸ் சட்டையை அவனிடம் நீட்டினாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பிடி. ஷூ கயிறு அவுந்துபோச்சு."

பாதி நீண்ட கை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. "தரையில வை."

"மண்ணாயிடுமே."

"வைன்னா வையேன்."

செத்தவரின் துணியையும் அவர்கள் தொடமாட்டார்கள். வெர்லிண்டா சட்டையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரி, ஒரே ஒரு தடவை அவ பேரைச் சொல்லிக் கூப்பிடு. உன் குரல்னா அவளுக்கு அடையாளம் தெரியும்."

"தொண்டை கட்டிக்கிச்சு."

"காலையில அடுப்புக்கிட்ட பாட்டே பாடினியே."

 அவன் கண் தெற்கே, அவர்கள் இதுவரை கால் வைக்காத வறண்ட ஓடைப் பக்கம் போய், சட்டென்று திரும்பியது. ரமோனாவும் அதைப் பார்த்துவிட்டாள்.

"தம்பி, வண்டிச் சாவியைக் குடு," என்று கை நீட்டினாள். இரண்டு ஆட்கள் சத்தமில்லாமல் அவன் பின்னால் வந்து நின்றார்கள்.

"என்ன அக்கா, என்னையா சந்தேகப்படுறீங்க?" சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. சாவி கைமாறியது. போலீஸைக் கூப்பிட ரமோனா ஒருத்தியைப் போன் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அனுப்பிவிட்டு, நாய்களைத் தெற்கே திருப்பினாள்.

சிக்கினான் என்ற வெறி வெர்லிண்டாவுக்கு ஒரு நிமிடம்தான் நின்றது. அவனைப் பற்றித் தான் நினைத்தது சரி என்றால் வேறென்ன சரி என்பது அப்புறம்தான் உறைத்தது.  தான் நினைத்தது தப்பாக இருக்கட்டும், இவன் யோக்கியனாகவே இருக்கட்டும் என்று கெஞ்சினாள்.

வரிசையின் கடைசியில் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. கம்மிப்போன குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெர்லிண்டா போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"போதும்மா. இனிமே அவ பேரைச் சொல்லாதே."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.  இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.