பங்கேற்பாளர் இருபத்து மூன்று

நிஷா கைப்பேசியை ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் நீர் கோத்துக் கோத்து அம்மாவின் முகம் மறைந்தது. ஒவ்வொரு முறையும் துப்பட்டாவால் துடைத்துவிட்டு மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. திரைக்குள் அண்ணன் பிரேம்நாத், பஹ்ரைனில் கம்பெனி கொடுத்த அறையில், கட்டிலின் மேல்தட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நெத்தி தெரியல, நிஷா. கொஞ்சம் கிட்ட காட்டு."

"இப்ப தெரியுதாண்ணா?"

"ம்."

பொங்கலுக்கு வருகிறேன் என்று அவன் மூன்று பொங்கலாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது, முதலாளி ஊரில் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் எந்த விமானமும் அவனை ஆம்பூரில் கொண்டுவந்து இறக்கப் போவதில்லை.

அம்மா முத்துமாரி இருபது வருடமாக ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். நேற்று சாயங்காலமும் கம்பெனி பஸ்ஸில்தான் வந்து இறங்கினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். டம்ளரோடு வந்த நிஷா, அம்மா களைப்பில் கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்து, எழுப்ப மனமில்லாமல் இரண்டு நிமிடம் நின்றாள். அந்த இரண்டு நிமிடத்தை இனி ஆயுசுக்கும் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

"நீ அம்மாவ பேட்டி எடுத்தேன்னு சொன்னியே," என்றான் பிரேம்நாத். "அத போடு. தூக்கறதுக்குள்ள ஒரு வாட்டி அம்மா பேசறத கேக்கணும்."

"லேப்டாப்ல இருக்குதுண்ணா. பாக்கறேன்," என்று நிஷா பொய் சொல்லிவிட்டு, கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையில் பகுதிநேர ஆராய்ச்சி உதவியாளர். வாரத்துக்கு மூன்று நாள் ரயிலேறிச் சென்னை போவாள், மற்ற நாள்களில் இங்கேயே ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேச வைப்பாள். செத்தவர்களுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறலாமா, கூடாதா என்பது பேராசிரியரின் ஆராய்ச்சி. புத்தகங்களில் உள்ள பதில் அவருக்குத் தெரியும். தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிய வேண்டும், நாற்பது பேர் வேண்டும். "ஊர்ல இருக்கறவள எல்லாம் கேக்கற, பெத்தவள கேக்க மாட்டியா?" என்று முத்துமாரி கோபித்துக்கொண்டதால்தான் அவள் பங்கேற்பாளர் இருபத்து மூன்று ஆனாள். இந்த வேலை என்னவென்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "ஆளுங்கள பேச வெச்சு எழுதறா. வாய தொறக்காதவங்ககூட இவகிட்ட பேசறாங்க" என்று பெருமையாகச் சொல்லுவாள்.

லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிஷா சும்மா உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே அக்தர் பானு வந்தாள். லைனில் அம்மாவுக்குப் பக்கத்து மிஷின். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"இன்னா கண்ணு, கெடைக்கலயா?"

"அழிச்சிட்டேன், ஆன்ட்டி."

"அழிச்சிட்டியா? ஏன்?"

"அது ரூல். டைப் பண்ணி சார் பாத்து முடிச்சதும் குரல அழிச்சிடணும். போன வியாழக்கிழம அழிச்சேன்."

"எல்லாரோடதயும் ரூல் படி அழி, வேணாங்கல. இது உங்கம்மாடி."

"அம்மாதான் ஆன்ட்டி அழிக்கச் சொல்லி ஜாஸ்தி கேட்டாங்க. நான் உளர்றத ஊரே கேக்கக் கூடாது, அழிச்சிடுவேன்னு சொல்லு, அப்பதான் கையெழுத்து போடுவேன்னாங்க. அழிச்சிடறேன்னு சொன்னேன்." நிஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வேறு எங்கேயும் அந்தக் குரல் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னால், சுவரிடம் பேச எனக்கென்ன பைத்தியமா என்று கேட்கிறவள் முத்துமாரி. கல்யாண வீடியோக்களிலும் பந்தியில் பரிமாறிக்கொண்டு முதுகைத்தான் காட்டியிருக்கிறாள்.

அக்தர் பானு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "எழுதினது இருக்குதில்ல? அத எடுத்துனு வா."

நிஷா லேப்டாப்போடு வெளியே வந்து, அப்பா கையிலிருந்த திரையைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணா, குரல் இல்ல. நான்தான் அழிச்சிட்டேன். அம்மா பேசினத பேசின மாதிரியே எழுதி வெச்சிருக்கறேன். அது மட்டும்தான் இருக்குது."

அவன் திட்டியிருந்தால் தேவலாம். "படி," என்று மட்டும் சொன்னான்.

அப்பா சுந்தரமூர்த்தி காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. இப்போது கைப்பேசியை அக்தர் பானுவிடம் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் மேளக்காரர்களிடம், "கொஞ்ச நேரம் நிறுத்துப்பா," என்று சொல்லிவிட்டு வந்து, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

நிஷா படித்தாள்.

"கேள்வி. செத்தவருக்குக் கொடுத்த சத்தியத்தை நீங்கள் மீறியதுண்டா? பதில். மொதல்ல நீ சாப்ட்டியா? கேள்வி. அம்மா, பதில் சொல்லு. பதில். மீறினேன், வாரா வாரம் மீறறேன். உங்கப்பனப் பெத்தவ சாவும்போது எங்கையப் புடிச்சிக்கினு, எம்புள்ளைக்கு பிபி இருக்குது, கருவாடு ஆக்கிப் போடாதன்னு சத்தியம் வாங்கிச்சி. பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம ஆனா இந்த மனுசன் மொகத்த தொங்கப்போட்டுக்கினு குந்திக்கினு இருக்கும். பாக்க முடியுமா? ஆக்கிடுவேன். மேல போனா கெழவி என்னய கேக்காது, அவரத்தான் கேக்கும். தின்னது அவருதான? சிரிப்பு."

"சிரிப்பா?" என்றான் பிரேம்நாத்.

"அந்த எடத்துல சிரிச்சாங்கண்ணா. அப்படித்தான் எழுதணும்."

"எனக்கு தெரியாது," என்றார் அப்பா. "எங்கம்மா இப்படி சத்தியம் வாங்கினத இவ ஒரு நாளும் சொன்னதே இல்ல." அவர் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அக்தர் பானு, "டிபன் பாக்ஸ்ல எனக்கும் கொண்ணாந்து குடுப்பா," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிஷா அடுத்ததைப் படித்தாள். "கேள்வி. நீ யார்கிட்டயாவது சத்தியம் வாங்கிட்டுப் போவியா? என்கிட்ட, அண்ணன்கிட்ட? மௌனம், ஆறு விநாடி."

அங்கே நிறுத்தினாள். விநாடியையும் எழுத வேண்டும் என்பது பேராசிரியரின் கண்டிப்பு. யோசிப்பதும் பதில்தான் என்பார். நிஷா மனதுக்குள் ஆறு எண்ணிவிட்டுப் படித்தாள்.

"பதில். வாங்க மாட்டேன்டி. பெரியவன் வர்றேன் வர்றேன்னுவான், அங்க இன்னா கஷ்டமோ, வர முடியாது. நீ ஒன்னு சொல்லுவ, மறந்துடுவ. அப்புறம் சொன்னத செய்யலியேன்னு ரெண்டு பேரும் குந்திக்கினு அழுவீங்க. நான் போன பிறகு எதுக்கு உங்களுக்கு அந்த பேஜாரு? சரி, போதுமா? அரிசி களையணும்."

திரையில் பிரேம்நாத்தின் முகம் தெரியவில்லை, கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. அவன் விசும்புவது மட்டும் கேட்டது. நிஷா லேப்டாப்பை மூடப் போனாள்.

"இரும்மா," என்றார் அப்பா. "அந்த எடத்த இன்னொரு வாட்டி படி."

"எந்த எடம்ப்பா? கருவாடா?"

"இல்ல. அவ பேசாம இருந்தாளே, அது."

நிஷா அந்த வரிக்குத் திரும்பிப் போய், அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள். அப்பா பெட்டியின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு விநாடிக்கு மேலேயே ஆனது. அடுத்த வரியைப் படி என்று யாரும் சொல்லவில்லை.