இரண்டாம் அறிவிப்பு

தீப்பந்தத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சபை மூப்பர் சபுங்கான் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். காகிதம் அங்கேதான் இருந்தது. எங்கே போய்விடும்? நேற்றிலிருந்து இருபது தடவை தொட்டுப் பார்த்தாயிற்று.

அதில் மூன்று அறிவிப்புகள். மூன்றாவது, அவர் மச்சினன் ஜொங்கியைச் சபையிலிருந்து நீக்குவது. போன ஞாயிறு ஒருமுறை வாசித்தாயிற்று. இன்று ஈஸ்டர் விடியலில், கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் முறை வாசித்தால் முடிந்தது கதை. ஜொங்கிக்குத் திருவிருந்து கிடையாது. அடுத்த மாதம் தன் மகள் கல்யாணத்தில் பீடத்தருகே நிற்கவும் முடியாது. வாசிக்கும் முறை இந்த மாதம் சபுங்கானுடையது.

"கையை ஏன் பையிலயே வெச்சிருக்கீங்க?" என்றாள் பக்கத்தில் வந்த மனைவி ரிஸ்மா.

"குளிரு."

"என்ன பொல்லாத குளிரு! என் தம்பி பேரை வேற யாராவது வாசிக்கட்டுமே. உங்களுக்கு எப்படி மனசு வருது?"

"முறை என்னுது."

"உங்க முறையில தீய வைக்க!"

அவள் வழக்கமாகத் திட்டுவதுதான். ஆனாலும் சபுங்கான் பந்தத்தை அவளிடமிருந்து தள்ளிப் பிடித்தார்.

ஜொங்கி மேல் சொல்லப்பட்ட குற்றம் தீ வைத்ததுதான். சென்ற ஆகஸ்டில் மலைச்சரிவில் யாரோ காய்ந்த புல்லைக் கொளுத்தினார்கள். சுமத்ராவின் தோபா ஏரியிலிருந்து அடித்த காற்றில் தீ ஓடி, விதவை ருமொந்தாங்கின் வீட்டை விழுங்கியது. படுக்கையோடு கிடந்த அவள் மாமனார் புகையில் மூச்சுமுட்டிச் செத்தார். அன்று கரி பூசிய முகமும் கொப்புளித்த கைகளுமாகச் சரிவிலிருந்து ஓடிவந்தவன் ஜொங்கி. ஆதாரமில்லை என்று போலீஸ் விட்டுவிட்டது. ஊர் விடுமா? "நான் வைக்கல" என்றான். "பின்னே யாரு?" என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை.

வைத்தவர் சபுங்கான்.

வெங்காயம் போட நிலத்தைச் சுத்தம் செய்யக் கொளுத்தியவர், இரண்டு குவளை கள்ளைக் குடித்துவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு மாமரத்தடியில் தூங்கிப்போனார். கண் விழித்தபோது கீழே பாறையருகே கிடந்தார். மேலே மரமும் தொப்பியும் எரிந்துகொண்டிருந்தன. தூக்கத்தில் உருண்டு வந்திருப்போம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். நடுவில் இடுப்பளவு கல்வேலி. எந்த மனிதன் கல்வேலியைத் தாண்டி உருளுவான்? அந்தக் கேள்வியை எட்டு மாதமாக வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். ஜொங்கியை நீக்கலாமா என்று மூப்பர் கூட்டத்தில் கேட்டபோது இந்த மனிதர் கையும் தூக்கினார். வெட்கங்கெட்ட கை.

கல்லறைத் தோட்டத்தில் ஊதுகுழல்கள் முழங்கி ஓய்ந்தன. வாசலோரம் ஒதுங்கி நின்ற ஜொங்கியைப் பார்த்து ஒருவன், "பந்தத்தை இவன் கையில குடுத்துடாதீங்கப்பா, மிச்ச ஊரும் போயிடும்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். ஜொங்கி கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

போதகர் மார்லினா ஒரு சமாதித் திண்டில் ஏறி நின்றார். சின்ன வயசுக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாது.

"எழுப்புதல் வேணும், எழுப்புதல் வேணும்னு வருசம் முழுக்க ஜெபம் பண்றோம். நாலு நாளா கல்லறையில கெடந்தவரை ஆண்டவர் எழுப்பப் போனாரே, அப்ப கூடப்பொறந்தவளே என்ன சொன்னா? தெறக்காதீங்க, நாறும்னு சொன்னா. பொய்யா சொன்னா? எழுப்புதல்ல மொதல்ல வெளிய வர்றது நாத்தம்தான். அதுக்குப் பயந்துதான் நாம கல்லை உள்பக்கமிருந்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள், பக்கத்து வீட்டுக்காரனை நினைத்துக்கொண்டு. சபுங்கானின் தலை மட்டும் ஆடவில்லை.

"அறிவிப்பு" என்றார் போதகர்.

சபுங்கான் காகிதத்தைப் பிரித்தார். புதன்கிழமை பெண்கள் கூட்டம் என்று வாசித்தார். பாடகர் குழுப் பயிற்சி ஒரு மணி நேரம் முன்னதாக என்று வாசித்தார். மூன்றாவதுக்கு வந்தார்.

"தீ வைத்து ஓர் உயிர் போகக் காரணமாக இருந்ததால், சபை ஒழுங்கின்படி..."

குரல் நின்றது. எதிரே, மாமனாரின் புதுச் சிமெண்டுச் சிலுவையைப் பிடித்தபடி ருமொந்தாங் நின்றிருந்தாள். அவள் பார்வை காகிதத்தை விட்டு நகரவில்லை.

"எழுத்து தெரியலையா மூப்பரே? பந்தத்தைக் கிட்ட கொண்டு வரட்டா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"எழுத்து தெரியுது." சபுங்கான் காகிதத்தைத் தாழ்த்தினார். "பேருதான் தப்பு. ஜொங்கின்னு போட்டிருக்கு. என் பேரைப் போட்டிருக்கணும். கொளுத்தினது நான். கள்ளு குடிச்சிட்டுத் தூங்கிட்டேன்."

ரிஸ்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "போலீசைக் கூப்பிடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினான்.

ருமொந்தாங் மெதுவாக நடந்து வந்தாள்.

"வாராவாரம் வந்து எனக்காக ஜெபம் பண்ணீங்களே" என்றாள். "இந்த வாயாலதானே?"

சபுங்கானுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூட்டம் விலகி வழிவிட, ஜொங்கியிடம் போய் நின்றார். வாசலில் நின்ற கேள்வியை உள்ளே விட்டார்.

"மச்சான், கல்வேலி தாண்டி என்னைப் போட்டது யாரு?"

ஜொங்கி தலையைக் குனிந்தான்.

"எழுப்பிப் பாத்தேன், நீ எந்திரிக்கல. இழுத்துப் போட்டுட்டு ஓடுறதுக்குள்ள அங்க கூரை விழுந்துடுச்சு. உன்னை விட்டுட்டு நேரா ஓடியிருந்தா பெரியவரைத் தூக்கியிருப்பேன். அதை எந்த மொகத்தோட ருமொந்தாங் அக்காகிட்ட சொல்றது? ஒருத்தரைத்தான் தூக்க முடிஞ்சுது."

ருமொந்தாங் அதைக் கேட்டாள். ஜொங்கியின் கைகளைக் கோட்டுப் பையிலிருந்து தானே வெளியே எடுத்து, தழும்புகளைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. சபுங்கான் பக்கம் அவள் திரும்பவில்லை.

சபுங்கான் காகிதத்தைப் போதகரிடம் நீட்டினார். "பேரைத் திருத்திடுங்கம்மா. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"தனியாவா? இரு மச்சான், நானும் வரேன்" என்றான் ஜொங்கி.

"நானும் வரேன்" என்றாள் ருமொந்தாங். "அங்கயும் இதையே சொல்றாரான்னு பாக்கணும்."

அவள் சபுங்கான் கையிலிருந்த பந்தத்தை வாங்கி மண்ணில் குத்தி அணைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.