புருசன் கையெழுத்து

பேச்சியம்மாவுக்குக் கோவம் வந்துச்சுன்னா வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்துல நாய்கூடக் குலைக்காது. அப்படிப்பட்டவ அன்னைக்கு ஹட்டன் டவுன்ல வெளியூர் டொக்டர்மார் வந்து பாக்குற சனல் சென்டர்ல வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. எல்லாம் மகளுக்காகத்தான்.

மக சுலக்ஷனாவுக்கு இருபத்து நாலு வயசு. முன்பள்ளி டீச்சர். கழுத்துல வந்த கட்டியப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. மருந்து ஏத்தினா உசுரு தப்பும். ஆனா அந்த மருந்து முட்டை உண்டாகுற சூலகத்தைக் கருக்கிடுமாம், பிறகு பிள்ள தங்குறது கஷ்டமாம். அதுக்கு முந்தியே சூலகத்துல ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்து, உறைய வச்சுப் பத்திரப்படுத்திட்டா, குணமானதும் திரும்ப உள்ள வைக்கலாம். அதைச் செய்யுற டொக்டர் கொழும்புல இருந்து சனிக்கிழமையில மட்டும்தான் வருவாரு. காசுகூட எப்படியோ பொரட்டியாச்சு. வர்ற வாரம் மருந்து தொடங்குது, இன்னைக்கு விட்டா விட்டதுதான்.

டொக்டர் சிங்களத்துல பேசினாரு. பேச்சியம்மாவோட சிங்களம் கடையில சாமான் வாங்கத்தான் காணும், அதுக்கு மேல போதாது. அதனால, தன்னைப் பத்திச் சொன்னதைத் தானே தமிழ்ல சொல்ல வேண்டியதாப் போச்சு சுலக்ஷனாவுக்கு.

"புருசன் கையெழுத்து இல்லாம எடுத்து வைக்க மாட்டாங்களாம்மா."

"ஒனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே?"

"அதான். கல்யாணம் ஆகாத பொம்பளைங்களுக்கு இங்க செய்யுறதில்லையாம்."

"சட்டமா?"

மக கேட்டா. டொக்டர் மூக்குக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே பதில் சொன்னாரு.

"இதுக்குன்னு தனியா சட்டம் இன்னும் வரலையாம். பின்னால ஏதும் பிரச்சினை வந்துடும்னு பயந்து அவங்களா போட்டுக்கிட்ட விதியாம்."

"நல்லா இருக்குடி நியாயம்! சட்டம் இல்ல, பூட்டு மட்டும் இருக்கா?"

அதையும் சுலக்ஷனா சிங்களத்துல சொன்னாளோ என்னவோ, டொக்டர் கொஞ்சம் எறங்கி வந்தாரு. அப்பா பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டா இந்த ஒரு தடவை செஞ்சு தர்றேன்னாரு. அதையும் சுலக்ஷனா தமிழ்ல சொன்னா.

"எனக்கு ஓட்டுப் போட வயசு காணும், இதுக்குக் காணாதா?"ன்னு சுலக்ஷனா கேட்டா. அவரு தாளைக் கதவுப் பக்கமா நீட்டினாரு.

கதவோரத்துல நின்ன அவ அப்பா பழனியாண்டிக்கு முகமெல்லாம் தெளிஞ்சிருச்சு. "அவ்வளவுதானே? குடுங்க, போட்டுடுறேன்"னு பேனாவைக் கையில எடுத்தாரு.

அந்த 'அவ்வளவுதானே'யிலதான் பேச்சியம்மாவுக்கு உச்சி வரைக்கும் ஏறிச்சு.

சுலக்ஷனாவுக்குப் பிறகு அவளுக்கு ஒரு பய பொறந்தான். வயித்தக் கிழிச்சு எடுத்த பிள்ள. கிழிச்ச கையோட குழாயைக் கட்டிக் கர்ப்பத்தடையும் செஞ்சு தச்சு அனுப்பிட்டாங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பய ஏழாம் மாசத்துல காய்ச்சல்ல போயிட்டான். இன்னொண்ணு பெத்துக்கலாம்னு ஏறாத கோயில் இல்ல. கடைசியா மருத்துவிச்சிதான் சொன்னா, "ஒனக்குத்தான் அப்பவே கட்டியாச்சே, ஒம் புருசன் கையெழுத்து வச்சிருக்காரே"ன்னு. வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டதுக்கு, "நீட்டினாங்க, போட்டேன்"னாரு. அவ்வளவுதான் அவரு சொன்ன நியாயம். அதுக்கப்புறமும் இத்தனை வருசமா அவரை 'ங்க' போட்டுத்தான் பேசினா. இன்னைக்கு அதுவும் போச்சு.

"எதுய்யா அவ்வளவுதானே? என் வயித்தக் கட்டவும் ஒங்கையெழுத்து, எம் மக வயித்தக் காப்பாத்தவும் ஒங்கையெழுத்தா? எங்க ரெண்டு பேருக்கும் கை இல்லையா?" டொக்டர் பக்கம் திரும்பினா. "அழிக்கிறதுக்கு என்னைய கேக்கல. எடுத்து வைக்கிறதுக்கு இவளக் கேக்கல. பொம்பள ஒடம்பு என்ன லயத்துக் காம்பரா வீடா, தோட்டத்துல பேர் பதிஞ்ச ஆம்பளகிட்ட சாவியக் குடுக்கிறதுக்கு?"

வெளிய காத்திருந்த சனமெல்லாம் எட்டிப் பாத்துச்சு. பாக்கட்டும்னு விட்டா.

பழனியாண்டி பேனாவை மேசையில வச்சுட்டாரு. "அப்ப நான் போடல, புள்ள."

"இப்பத்தான் மனுசனுக்கு ரோசம் வருதாக்கும்!"

சுலக்ஷனா அம்மாவோட கையைப் பிடிச்சா. "அம்மா, எனக்கு அது வேணும்மா."

பேச்சியம்மாவுக்கு வயிறு எரிஞ்சுது. இந்த மனுசன் கைய நம்பித்தான் எம் புள்ளையோட புள்ள இருக்கணுமான்னு பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா எரிச்சலைப் பாத்தா காரியம் ஆகுமா? பேனாவை எடுத்து மொதல்ல மக கையில குடுத்தா.

"நீ போடு."

மக கையெழுத்து மட்டும் காணாதுன்னு டொக்டர் கையை ஆட்டிக்கிட்டே சொல்ல வந்தாரு.

"ஒங்களுக்குக் காணாது. எங்களுக்கு அதுதான் மொதல்ல."

சுலக்ஷனா போட்டா. பேச்சியம்மா தாளைப் புருசன் பக்கம் தள்ளினா.

"போடு. எங் கண்ணு முன்னால போடு."

பழனியாண்டி குனிஞ்சாரு. பேனா தாள்ல படல. மக பக்கம் நிமிந்து பாத்தாரு.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லு, கேட்டுட்டுப் போடுறேன்."

சுலக்ஷனா வாசிக்கத் தொடங்கினா. பேச்சியம்மாவுக்கு ஒரு வார்த்தையும் காதுல ஏறல. செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டுச் சொன்னா:

"பாவி மனுசா, இத அன்னைக்குக் கேட்டிருந்தா எனக்கு இன்னொரு புள்ள இருந்திருக்கும்."